அமாவாசைத் தண்ணீர்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர், 1958.

என் கண்ணான மகள் செல்லக்கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், லிவர்பூல் குளிரில் நீயும் சுகமாயிருக்க வீரமாகாளியம்மன் துணை. நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ எழுதியதற்கு நான் நாலு பக்கம் திட்டி எழுதினேன், அதற்கப்புறம் இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது, கேள். ஐந்தாம் வகுப்புக்குக் கடல் ஏற்ற இறக்கம் நடத்தினேன். நிலா இழுப்பதால் தண்ணீர் ஏறுகிறது, பௌர்ணமிக்கு நிறைய ஏறும், அமாவாசைக்கு நிலாவே இல்லை, கடல் சும்மா கிடக்கும் என்று அடித்துச் சொன்னேன். பாக்கியலட்சுமி என்று ஒரு பிள்ளை, வாயே திறக்காதவள், எழுந்து, இல்ல டீச்சர், அமாவாசைக்குத்தான் எங்க வீட்ல பசியோட உக்காந்திருப்போம் என்றாள். கடலைக் கேட்டால் சோற்றைச் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது, உட்காரடி அதிகப்பிரசங்கி என்று கத்தினேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

சனிக்கிழமை அமாவாசை. உன் கடிதம் எங்காவது தங்கிவிட்டதா என்று கேட்க ஆற்றோரத்துப் பெரிய தபாலாபீசுக்குப் போனேன், இல்லை என்றார்கள். உச்சிவெயிலில் பாலத்தில் வந்து நின்றால், கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் படிக்கட்டெல்லாம் முழுக ஏறிக் கிடக்கிறது! சரக்கேற்றும் தொங்கான் படகுகள் பாலத்துக்கடியில் நுழைய முடியாமல் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து பாக்கியலட்சுமியின் அப்பா வடிவேலு கும்பிட்டார். அமாவாசைன்னா இப்படித்தான் டீச்சர், தண்ணி எறங்குனாத்தான் வீடு, நான் போயி படையல் போட்டாத்தான் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு என்றார். அப்புறம், பாப்பா ஸ்கூலுக்கு வரமாட்டேங்குதுலா, ஏதும் தப்புப் பண்ணிருச்சா என்று கேட்டார். தப்பு என்னுதுதான் அண்ணே, திங்கக்கிழமை அனுப்புங்க என்று சொல்வதற்குள் கண் நிறைந்துவிட்டது.

சக ஆசிரியர் சாகுல் ஹமீதைக் கேட்டேன். அமாவாசைக்கு நிலா எங்கும் போய்விடவில்லை, சூரியன் இருக்கும் பக்கமே நிற்கிறது, இரண்டும் சேர்ந்து இழுக்கும் என்றார். திங்களன்று வகுப்பில் நான் கடலாக நின்றேன். பாக்கியலட்சுமி நிலா, பக்கத்தில் இன்னொருத்தி சூரியன், இருவரும் என் ஒரே கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் உன் அம்மா மேசைமேல் விழப்போனாள். இவள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்னிக்கே சொல்ல வந்தேன் டீச்சர், நீங்க முழுசாக் கேக்கலை என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்தேன். படிப்பை விடுகிறேன் என்ற வரியைப் பார்த்ததும் வந்த கோபத்தில், ஏர்மெயிலின் பின்மடிப்பை நான் திருப்பியே பார்க்கவில்லையடி. வார்டில் நீ பார்த்துக்கொண்ட குழந்தை உன் மடியிலேயே உயிர்விட்டதை அங்கேதான் எழுதியிருந்தாய். அதற்கு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே, என் கண்ணே. படிப்பதோ வருவதோ உன் இஷ்டம். வேளைக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, நூறாண்டு நன்றாயிரு. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் இனி வாய் திறப்பேன்.

உன் அம்மா,
தங்கம்