பொங்குவதற்கு விட்ட இடம்

இன்று காலை உன் மகள் வந்திருந்தாள். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஒரு சாக்குப்பையை வைத்துக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினாள். பிரித்தால் நம்முடைய அலுமினியப் பாத்திரம். ஒரு பக்கம் முழுக்கக் கருகல் அப்படியே இருக்கிறது. "பரண்ல கெடந்துச்சு மாமா. உங்ககிட்ட குடுத்துடச் சொல்லிட்டாங்க அம்மா" என்றாள். குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "இது எவ்ளோ பிடிக்கும்?" என்று கேட்டாள். டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எவ்வளவு பிடிக்கும் என்பதற்காகத்தானே கிருஷ்ணகிரி கடைவீதியில் அத்தனை பேர் பார்க்க நாம் சண்டை போட்டோம்.

ஓசூரில் நம் கம்பெனி கேட்டைச் சாத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்காவது ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. உனக்கு லேத் மெஷினைத் தவிர ஒன்றும் இல்லை. உன் வீட்டுக்காரி பிள்ளைத்தாய்ச்சி. அப்போதுதான் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பீர் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் மேஸ்திரி உன்னிடம் இப்படிச் சொன்னார். கொதிகலன் பக்கம் ஓர் ஆள் தேவை, ஆனால் பக்குவம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். முளைகட்டி உடைத்த பார்லியும், ஹாப்ஸ் என்கிற காய்ந்த கசப்புப் பூவும், புளிக்கவைக்கிற ஈஸ்ட்டும் கொடுத்து, "மாட்கொண்டு பா, நோடோணா" என்றார். செய்துகொண்டு வா, பார்க்கலாம். இரண்டு தடவைக்குத்தான் சரக்கு இருந்தது. இருபது லிட்டர் கொதிக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு.

நம் ஊரில் ஒருவன் வீட்டில் காய்ச்சுகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அதிலும் நீ மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, அந்த வீட்டுக்காரம்மாவின் மகன் மதுவிலக்குப் போலீஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா கையால் சாப்பிட வந்துவிடுவான். மாட்டினால் அந்த வேலை மட்டுமல்ல, எந்த வேலையும் உனக்குக் கிடைக்காது. அது தெரிந்தும் இறங்கினாயே, உன் நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்ல.

பாத்திரக்கடை பாய், "எத்தன கிலோ அரிசி வேகணும் தம்பி?" என்று கேட்டார். நீ பையிலிருந்து லேத் வேலைக்கு வைத்திருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்தாய். எனக்கு மானம் போயிற்று. வாய் அகலம், ஆழம் எல்லாம் அளந்து, மனக்கணக்காகப் போட்டு, இருபது லிட்டருக்குத் துல்லியமாகப் பொருந்துகிற ஒன்றைத் தேடி எடுத்தாய். நான் பெரிய தேக்சாவைக் காட்டினேன். "பெருசா எடுத்தா ஸ்டவ்வு தாங்காது. கொதிக்கவே மாட்டேங்கும். கொதிச்சாலும் சட்டுனு ஆற வைக்க முடியாது. ஆறலன்னா கெட்டுப் போயிரும்டா" என்றாய். நீ சொன்னதும் உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "அளவெடுத்துத் தெச்ச சட்டையாடா இது? பொங்கறதுக்கு எடம் வேணாமா?" என்று கத்தினேன். லேத்தில் நூலிழை பிசகாமல் கடைந்த கை உன்னுடையது. பாத்திரத்தில் அரை விரல்கூட மிச்சம் வைக்க அதற்கு மனசு வரவில்லை.

அந்த ஞாயிறு, போலீஸ்காரன் சாப்பிட வருவதற்குள் முடித்துவிடலாம் என்று, பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வேட்டியில் வடிகட்டி, பாத்திரத்தின் விளிம்பு வரை ஊற்றினாய். பம்ப் ஸ்டவ் இரைந்தது. முதல் கொதி வந்ததும் நுரை கட்டியது. நீ கரண்டியால் அமுக்கினாய். அமுக்க அமுக்க எழும்பியது. ஒரே மூச்சில் நாலு பக்கமும் வழிந்து ஸ்டவ்வை அணைத்து, தரையெல்லாம் ஓடி, ஜலதாரை வழியாகக் கீழே வீட்டுக்காரம்மாவின் முற்றத்தில் போய் ஊற்றியது. தீய்ந்த இனிப்பு வாசனை தெருவரைக்கும் போனது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏமய்யா, ஏமி வாசனா இதி?" என்ன வாசனை இது என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே வீட்டுக்காரம்மா வந்தார். உன் முகம் வெளுத்துவிட்டது. உன் வீட்டுக்காரிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ராகி மால்ட்டு மாதிரிங்கம்மா. ஒடம்புக்கு நல்லதுன்னாங்க" என்றாள். அந்த அம்மா ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார். நல்லவேளை, கசப்புப் பூ இன்னும் போடவில்லை. "பாகுந்தி", நன்றாயிருக்கிறது என்று சொல்லி, கருகிய பாத்திரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனூண்டுல ஊத்துனா பொங்காம என்ன பண்ணும்? மிச்சம் இருந்தா கீழ எடுத்துட்டு வா. கல்யாண தேக்சா இருக்குது, மூணு கல்லு அடுப்பு இருக்குது. எம்புள்ளைக்கும் ஒரு டம்ளர் குடு."

மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? சொன்னால் சந்தேகம், சொல்லாவிட்டால் போலீஸ்காரன் வீட்டு முற்றத்திலேயே காய்ச்ச வேண்டும். மிச்சச் சரக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அந்தப் பெரிய தேக்சாவில் பாதிக்குச் சற்று மேலேதான் வந்தது. நுரை எழும்பியது, விளிம்பைத் தொடாமல் தானே படிந்தது. அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. சிரிக்கிற நேரமா அது? நீ கசப்புப் பூவை அள்ளிப் போட்டாய். வாசல் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

அந்த அம்மாவின் மகன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக அடுப்புக்கு வந்தான். கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தான். உன்னைப் பார்த்தான், உன் வீட்டுக்காரியின் வயிற்றைப் பார்த்தான், உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். குரலை இறக்கி, "புளிக்கிற வரைக்கும் இது கூழு. புளிச்சா கேசு. இங்க புளிக்கக்கூடாது, புரியுதா?" என்றான். சாப்பிடப் போய்விட்டான். அன்றைக்கு அவன் மனசு இளகியிராவிட்டால் நீ என்ன ஆகியிருப்பாய்?

தேக்சாவை மாட்டுத்தொட்டித் தண்ணீரில் இறக்கி ஆறவைத்தோம். பால் கேன்களில் ஊற்றிக்கொண்டு அத்திப்பள்ளி பஸ் ஏறினோம். செக்போஸ்ட்டில் அந்தப் பக்கமிருந்து வருகிற வண்டிகளைத்தான் குடைந்துகொண்டிருந்தார்கள். இங்கிருந்து போகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் கேனைக் கட்டிப்பிடித்தபடி நீ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருந்த உன் மச்சினன் வீட்டில் வைத்து ஈஸ்ட்டைப் போட்டபோதுதான் அது பீராகத் தொடங்கியது.

அது புளித்து அடங்கியதும் கம்பெனிக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குடித்தார், வாயைத் துடைத்தார். பிறகு காலிக் கிளாஸைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தார். எனக்கு அவரை உலுக்கலாம் போலிருந்தது. கடைசியில், "நாளெயிந்தா பா" என்றார். நாளையிலிருந்து வா. நீ வெளியே வந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

அந்த வேலையில்தான் உன் ஆயுசு போயிற்று. வீடு கட்டினாய், மகளைப் படிக்கவைத்தாய். கண்ணை மூடுகிறவரை ஒரு சொட்டு குடித்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கருகிய பாத்திரத்தைப் பழைய ஈயக்காரனுக்குப் போடச் சொன்னால் மட்டும் என்மேல் பாய்வாய்.

டீயைக் கொண்டுவந்து கொடுத்தேன். உன் மகள் பாத்திரத்துக்குள் கையை விட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தாள். "மாமா, உள்ள சுத்தி ஒரு கோடு கீறியிருக்குது பாருங்க" என்றாள். எட்டிப் பார்த்தேன். விளிம்புக்கு அரைச் சாண் கீழே, ஊசிமுனையால் கீறிய கோடு. எங்கும் பிசகவில்லை. எப்போது கீறினாய்? என்னிடம் ஏன் காட்டவில்லை? நான் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள வாயால் முடியாமல், இப்படிக் கோடு போட்டுப் பரணில் வைத்தாயா, திருட்டுப்பயலே.

"எவ்ளோ பிடிக்கும்னு சொல்லவே இல்லியே" என்றாள் அவள்.

"இருபது லிட்டர்" என்றேன். "ஆனா அந்தக் கோடு வரைக்கும்தான் ஊத்தணும். நீ வயித்துல இருந்தப்போ உங்கப்பன் அத கத்துக்கிட்டான்."