நாற்பத்தேழாவது கேள்விக்கு விடை

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

மாதிரித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அரசு வேலைக்குப் படிக்கிற அறுபத்திரண்டு பேர். நாற்பத்தேழாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

'மாறிவரும் உலக ஒழுங்கில் இந்தியா எந்த நாட்டின் அணியில் உள்ளது? (A) அமெரிக்கா (B) ரஷ்யா (C) சீனா (D) எந்த அணியிலும் இல்லை (E) விடை தெரியவில்லை.'

விடைக் கீ-யில் A என்று இருக்கிறது. ஐம்பத்தெட்டு பேர் A-வைத்தான் கறுப்படித்திருக்கிறார்கள், ஏனென்றால் நான் பாடம் எடுக்கிற கோச்சிங் சென்டரின் கைடில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. கைடில் அதை எழுதியது யார்? நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய மேதாவி மாதிரி, இதே செம்பாக்கம் வீட்டில் இதே மேஜையில் உட்கார்ந்துகொண்டு. அப்போது பேப்பரைத் திறந்தால் கைகுலுக்கலும் கட்டிப்பிடித்தலுமாக இருந்தது. இனி இப்படித்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது அதே அமெரிக்கா, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக நம் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி என்கிறது. எங்களுக்கு எது தேவையோ அதை வாங்குவோம் என்கிறது தில்லி. ஒரே அணியில் இருப்பவர்கள் இப்படியா பேசிக்கொள்வார்கள்?

அரசியல் அறிவியலில் எம்.ஏ. வேறு! வெட்கமாக இருக்கிறது.

9 ஆகஸ்ட்

சத்யநாராயணன் சாரிடம் சொன்னேன். கிழக்குத் தாம்பரம் சென்டரின் முதலாளி அவர்தான். கைடை அச்சடித்ததும் அவர்தான். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், மூவாயிரம் காப்பி கீழே கட்டுக்கட்டா கிடக்கு. கீயை மாத்தினா புக்கே தப்புன்னு ஆயிடும். பசங்களுக்கு ஒரு ஆன்ஸர் குடுங்க, போதும். பாலிடிக்ஸ் வேணாம்."

"நான் எடுக்கிற சப்ஜெக்ட்டே பாலிடிக்ஸ்தானே சார்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்! வகுப்பில், மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும். "கைடில் நாற்பத்தேழாவது விடை தப்பு. அந்தப் பாடத்தை எழுதினது நான். தப்பு என்னுடையது."

கைடில் தப்பு இருக்கும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. "அப்ப கரெக்ட் ஆன்ஸர் D-யா மேம்?" என்று பின் பெஞ்சிலிருந்து விக்கி கேட்டான். D-யும் முழுசாகச் சரியில்லை, எந்த அணியிலும் இல்லை என்றால் சும்மா மதில்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஆகிவிடும், நாம் அப்படி இல்லை, எல்லாரிடமும் போய் நம் காரியத்தைப் பார்க்கிறோம் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். விளக்கம் நீண்டுகொண்டே போனது. எனக்கே எங்கே போகிறேன் என்று தெரியவில்லை.

அப்போது அஞ்சம்மாள் எழுந்தாள். முப்பத்து மூன்று வயது. கோவளத்துக்காரி, காலையில் பள்ளிக்கரணையில் மீன் விற்றுவிட்டு வகுப்புக்கு வருகிறவள்.

"அக்கா, எங்க கரைல ஒரே யாவாரிக்கு மீன் போட்டுகினு இருந்தா அவன் வெச்சதுதான் வெல. எங்க மாமியா நாலு பேருக்குப் போடும். அதுக்கோசரம் அது நாலு பேருக்கும் எதிரியா இன்னா? ஒருத்தன் மொறைச்சா மொறைக்கட்டும். மீனு நம்மளுது."

எம்.ஏ.வில் இரண்டு வருஷம் படித்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே போர்டில் எழுதினேன்.

27 ஆகஸ்ட், விநாயகர் சதுர்த்தி

வரி இன்றிலிருந்து அமலுக்கு வந்துவிட்டது. கொழுக்கட்டை வேகும்போதே ரங்கனுக்கு போன். ரங்கன் என் வீட்டுக்காரர், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் சட்டை தைக்கிற ஒரு யூனிட்டில் தரம் பார்க்கிறவர். தைப்பதெல்லாம் ஒரே ஒரு அமெரிக்கக் கடைக்குத்தான். அவர்கள் அடுத்த ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். இனி வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

ரங்கன் கொழுக்கட்டையைத் தொடவே இல்லை. "டெல்லிக்கு ரோஷம் வந்துச்சுன்னா எங்க லைன்ல நாப்பது பொம்பளைங்க வீட்டுக்குப் போகணுமா? நீ கிளாஸ்ல போயி யாருக்கும் பணிய மாட்டோம்னு வீரமா பேசுற. அதுக்கு விலை குடுக்கிறது யாரு, தமிழு?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரே ஆளுக்குத் தைச்சா இப்படித்தாங்க ஆகும்" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

28 ஆகஸ்ட்

சொன்னது உண்மைதான். நேற்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சத்யநாராயணன் சார் ஒரு தாளை நீட்டினார். மூன்றே வரி. கைடில் உள்ளதை மட்டுமே நடத்த வேண்டும். வேறெங்கும் வகுப்பு எடுக்கக் கூடாது. வேறு யாருக்கும் புத்தகம் எழுதக் கூடாது.

"மேடம், உங்க ஹஸ்பெண்ட் கம்பெனி நிலைமை எனக்கும் தெரியும். இந்த நேரத்துல நமக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? கையெழுத்து போட்டுடுங்க, ஒரு இன்கிரிமெண்டும் பார்த்துப் பண்றேன்."

மிரட்டலைக்கூட எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார்! தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் இறங்கும் வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். வீட்டில் ஒரு சம்பளம் பாதியாகிவிட்டது. இதுவும் போனால்? யோசிக்காமல் இருக்க நான் ஒன்றும் சாமியார் இல்லை.

2 செப்டம்பர்

கையெழுத்து போடவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். என் வேலையும் போயிற்று.

3 செப்டம்பர்

ரங்கனிடம் சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றார். நியாயம்தான். கேட்டிருந்தால் போடு என்று சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. இதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு டெய்லர் கடை மாடியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பிடித்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அஞ்சம்மாள் முதல் ஆள். பாய் கொண்டுவந்து அவளே விரித்தாள். விக்கியும் வந்துவிட்டான்!

சீனாவில் நடந்த மாநாட்டுப் போட்டோவை மொபைலில் நீட்டினான். இந்தியா, ரஷ்யா, சீனா மூன்று நாட்டுத் தலைவர்களும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "மேம், அப்ப ஆன்ஸர் C-ங்களா?"

"போட்டோவைப் பார்த்து ஆன்ஸர் எழுதாதே. நானே அப்படி எழுதித்தான் வேலையைத் தொலைத்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பத்து நாளில் முதல் சிரிப்பு.

28 செப்டம்பர்

பரீட்சை முடித்துவிட்டு அஞ்சம்மாள் போன் பண்ணினாள். "அக்கா, நீ வேலைய வுட்டியே, அந்தக் கேள்வி வரவே இல்லக்கா! பேஜாரா பூட்ச்சு."

19 அக்டோபர், ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. வகுப்புக்கு நாலே பேர். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நகரவே இல்லையாம், மீதிப் பேர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். நாலு பேருக்கும் முழு வகுப்பு எடுத்தேன். எடுக்காமல் விட்டால் தோற்றுவிட்டேன் என்று எனக்கே தோன்றிவிடும்.

ரங்கன் யூனிட்டில் இந்த வருஷம் போனஸ் இல்லை. அவர் லைனில் பதினாறு பேரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேர் பேராகச் சொன்னார். அவர்கள் என்னிடம் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? பணியாமல் இருப்பது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பில் சொல்வது சுலபம்.

23 நவம்பர், ஞாயிறு

வகுப்பு முடியும் நேரம் ரங்கன் மாடிக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. சுவரில் தொங்கும் உலக வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"போலந்து எங்க இருக்கு?"

காட்டினேன். அங்கிருந்து ஒரு கடைக்காரர் சாம்பிள் கேட்டிருக்கிறாராம். அளவு வேறு, காலர் வேறு, துணியும் வேறு. முதலாளிக்கு இஷ்டமில்லை, இவர்தான் ஒற்றைக் காலில் நின்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். "சின்ன ஆர்டர்தான். ஆனா வேற ஆளு" என்றார். அஞ்சம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டே, "போடுண்ணா! நாலு பேருக்குப் போடு" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று ரங்கனுக்குப் புரியவில்லை. சாயங்காலம் தாம்பரம் கடைத்தெருவுக்குப் போன பஸ்ஸில் விளக்கிச் சொன்னேன். சதுர்த்தி அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"நீ சொன்னது சரிதான். சொன்ன நேரம்தான் தப்பு" என்றார். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

11 ஜனவரி 2026

வகுப்பில் இருபத்தெட்டு பேர். பாய் போதவில்லை.

3 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் செய்தி: அமெரிக்காவோடு ஒப்பந்தமாம், வரி குறைகிறதாம். நாம் இறங்கினோமா, அவர்கள் இறங்கினார்களா? டிவியில் ஆளுக்கொன்று கத்துகிறார்கள். நான் காபியை முடிப்பதற்குள் போன் அடித்தது. சத்யநாராயணன் சார்! ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"மேடம், நியூஸ் பார்த்தீங்களா? அப்ப நம்ம புக் கரெக்ட்தானே? திரும்ப A தானே?" குரலில் அத்தனை சந்தோஷம். விற்காத கட்டெல்லாம் இன்னும் கீழே கிடக்கிறது போல.

"இல்ல சார்."

சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். எனக்குப் பதில் வந்தவர் நடத்துவது பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம். புது எடிஷனை நானே எழுத வேண்டுமாம். பழையபடி சனி, ஞாயிறு வரவேண்டுமாம். அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாமாம்.

"எழுதித் தரேன் சார். தப்பு வந்தா திருத்தம் அச்சடிச்சு உள்ளே வெக்கணும். சனிக்கிழமை வரேன். ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பு இருக்கு, அதை விடமாட்டேன்."

முணுமுணுத்தார். கடைசியில் சரி என்றார்.

சாயங்காலம் ரங்கன் வந்ததும் கேட்டேன்: "பழைய அமெரிக்கா பார்ட்டி திரும்பக் கூப்பிடுவாங்களா?"

"இன்னைக்கே மெயில் போட்டுட்டான். வரட்டும், நல்லாத் தைச்சுக் குடுப்போம். அந்தப் பதினாறு பேரையும் கூப்பிடச் சொல்லியிருக்கேன். ஆனா இப்ப போலந்துக்குத் தைக்கிற லைன்ல கை வைக்க விடமாட்டேன்." சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், சாதாரணமாக.

புது எடிஷனை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்தேழாவது கேள்வியை அடித்துவிட்டேன். வேறு கேள்வி போட்டு நிரப்பவில்லை. நாற்பத்தாறுக்கு அடுத்தது நாற்பத்தெட்டு. நடுவில் ஒன்றைக் காணோமே என்று கேட்கிறவர்களுக்கு வகுப்பில் பதில் சொல்வேன், ஒரு மணி நேரம்.