கீழ்த்தளத்துப் புது ஃபர்னஸ்

சேசு மரி சூசை துணை

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
டிசம்பர் 9

அன்புள்ள மௌரீனுக்கு,

உன் வீட்டுக்காரன் ரெமிஜியஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இதை உன்னைத் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் அந்தப் பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஜோவிதாவின் தம்பி யூஜின், கம்பெனி வேலையாகக் கனடாவுக்கு, உங்கள் வின்னிபெக்குக்கே வருகிறான். அவனிடம் கிறிஸ்துமஸ் பலகாரமாக ஒரு டப்பா குல்குல் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்கவேண்டும், அடியில் கடிதம் இருக்கிறது என்று உன்னிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். குல்குல் நானே உருட்டியது. பாதி கொழுக்கட்டை மாதிரி இருக்கும், சிரிக்காதே.

போனில் பேசாமல் இதென்ன கூத்து என்பாய். உன் போன் எந்நேரமும் பேரன் கையில் கார்ட்டூன் காட்டிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நம் மகள் நிக்கோல்தான் முதலில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசினால் ஸ்பீக்கரில் மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் இருக்கிறார்கள், நீ மட்டும் இல்லை.

போன மாதம் நான் செய்ததை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த வீட்டைச் சூடாக்குகிற பழைய ஃபர்னஸில் விரிசல் என்று மெக்கானிக் வந்தான். பாகத்தை மட்டும் மாற்றினால் இந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் அவன் சொன்னான். மாப்பிள்ளை ஷெர்வின் மரியாதைக்கு, "நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்று போனில் கேட்டார். ஆஸ்பத்திரி பாய்லர் ரூமில் முப்பத்திரண்டு வருடம் வெந்தவன் சும்மா இருப்பேனா? விரிசல் விட்டதை நம்பக்கூடாது, விஷப்புகை வீட்டுக்குள் வரும், கேஸ் குறைவாகத் தின்கிற புது மாடலையே போடுங்கள் என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டேன். சொன்னதில் தப்பில்லை. விலையைத்தான் நான் கேட்கவில்லை.

ஒன்பதாயிரம் டாலராம், ஐந்தரை லட்சத்துக்கு மேல்! பழைய புகைபோக்கி இதற்கு ஆகாது, சுவரைத் துளைத்துப் புதுக் குழாய் விடவேண்டும், அதற்குத் தனிக் கூலி. பிறகு நிக்கோல் சொன்னாள்: "மம்மி டிக்கெட்டுக்கு வச்சிருந்த பணம் அதுலயே போயிடுச்சு டாடி. சும்னே டென்ஷன் ஆகாதீங்க, ஈஸ்டர் முடியட்டும் பாக்கலாம். விசா இன்னும் நாலு வருஷம் இருக்கில்ல." கிறிஸ்துமஸுக்கு அனுப்பிவிடுவேன் என்றவள்தான். அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. புருஷனும் பெண்சாதியும் ஷிஃப்டு மாற்றி ஓடுகிறார்கள், குழந்தைக் காப்பகத்துக்குக் கட்ட வழியில்லை, நீ இருக்கிறாய்.

நீ பின்னால் துணி மடித்துக்கொண்டே "பரவாயில்ல" என்றாய். உன் அண்ணன் வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்னபோதும் இதே பரவாயில்லையைத்தான் சொன்னாய். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை.

போன ஞாயிறு புது ஃபர்னஸைக் காட்டுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு நீ தனியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாய். எட்டு மாதத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தது அப்போதுதான். நீ புகைக்குழாயில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். நான் என்ன செய்தேன்? கை வைத்தாலும் சுடாத புகைக்குழாயா என்று வாயைப் பிளந்து, புகை எப்படி ஆறுகிறது, தண்ணீர் எப்படி வடிகிறது என்று பன்னிரண்டு நிமிடம் பாடம் நடத்தினேன். மேலேயிருந்து நிக்கோல் கூப்பிட்டதும் "சரிங்க, வைக்கிறேன்" என்று படியேறிவிட்டாய். போன் அணைந்த பிறகுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. ஃபர்னஸைக் காட்டவா நீ இறங்கினாய்?

உனக்கு அங்கே கார் ஓட்ட வராது, பூசைக்குப் போகவும் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவேண்டும். பத்தொன்பது நாளாக வாசல் தாண்டவில்லை என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னதும் இப்போதுதான் காதில் விழுகிறது.

இங்கே நம் கீசர் கெட்டு மூன்று வாரம் ஆகிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் குறையக்கூடாது என்று சோலார் போடக் கட்டிவந்த சீட்டை எடுத்துவிட்டேன். சோலார் கிடக்கட்டும், ஸ்டவ்வில் தண்ணீர் வைத்துக் குளிக்கிறேன். பணம் பீரோவில் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் போதும்.

மகளிடம் நீ எதுவும் பேசவேண்டாம். பழி என் மேல் விழட்டும், எனக்கு உடம்பு சரியில்லை, ஆள் வேண்டும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கத்தான் உனக்கு ஆசை என்றால் அதையும் சொல், கோபப்படமாட்டேன். எதுவானாலும் அது உன் வாயால் வரவேண்டும்.

வேளாங்கண்ணி மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இது உன் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிறு, ஃபர்னஸில் ஏதோ சத்தம் கேட்கிறது, டாடியிடம் காட்டவேண்டும் என்று சொல்லிக் கீழே இறங்கு மௌரீன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உன்
ரெமிஜியஸ்