நாங்கள் மேடையேற்றிய தம்பிக்கு

என் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்த தம்பி முத்துவுக்கு,

சாரல் விழத் தொடங்கிவிட்டது. நீ போன பிறகு வருகிற முதல் சீசன். குற்றாலத்தில் எந்த லாட்ஜிலும் அறை இல்லையாம். நேற்று அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ உட்காரும் இடத்தில் வேறு யாரோ ஒருவர், ஒரு தடித்த மனிதரைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உனக்குத் தோள்வலி வந்தது அந்தப் பலகையில்தான். விடிந்தது முதல் இருட்டும்வரை ஊர் உடம்பையெல்லாம் பிடித்துவிட்டு, உன் கையையே தூக்க முடியாமல் வந்து படுப்பாய். கூட வேலை பார்த்தவன் ஒரு வலி மாத்திரை கொடுத்தான். வலி போனது. பிறகு வலி இல்லாத நாளிலும் மாத்திரை வேண்டியிருந்தது. அதற்கப்புறம் கஞ்சா, அதற்கப்புறம் ஊசி. இதையெல்லாம் நீ என்னிடம் சொன்னதில்லை. கிராமசபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னபோது ஊரோடு ஊராக உட்கார்ந்துதான் நானும் கேட்டேன்.

அந்தக் கூட்டம்வரை உன்னைக் கொண்டுவந்தது சண்முகத்தாய் மதினி. போதைக்கு எதிராகக் கிளம்பியதுதான் ஊராட்சித் தலைவியாகி அவள் செய்த முதல் காரியம். நம் தெருவிலேயே ஊசியால் செத்த ஒரு இளவட்டத்தைப் பாடையில் தூக்கிப் போனதைப் பார்த்துவிட்டு வந்து, கிராமசபையில் எழுந்து நின்று சொன்னாளே, நினைவிருக்கிறதா? “விக்கிறவனப் பிடிக்கது போலீஸ் பாடு. வாங்குதவன் நம்ம வீட்டுப் பிள்ள. அவன் நம்ம பாடு.”

சுயஉதவிக்குழுப் பெண்களும் வார்டு உறுப்பினர்களும் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போனார்கள். வாலிபால் கிரவுண்டுக்கு விளக்குப் போட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று மருந்துக்கடைகளில் கேட்டுக்கொண்டார்கள். ஊராட்சி அலுவலகத்தின் ஒரு அறையில் வாரம் ஒரு நாள், மனம் விட்டுப் பேசுவதற்குத் தென்காசியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். நம் வீட்டுக்கு மதினியே வந்தாள். அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“ஏலே முத்து, நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வாரேன்.”

“நான் என்ன சின்னப்புள்ளையா மதினி?”

“சின்னப்புள்ளன்னா இந்நேரம் தூக்கி இடுப்புல வச்சிருப்பேம்லா.”

நீ சிரித்துவிட்டாய். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு உன் பல்லைப் பார்த்தேன். மறுநாள் போனாய். போய், அங்கே தங்கி, வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்து, எழுந்து வந்தாய். கன்னம் ஒட்டியிருந்த நீ மீன்குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டாய். அந்த நாட்கள் பொய்யில்லை முத்து. என்னிடம் யார் என்ன சொன்னாலும் அந்த நாட்கள் பொய்யில்லை.

நீ திரும்பி வந்த பிறகு கூடிய கிராமசபையில் உன்னை யாரும் பேசச் சொல்லவில்லை. நீயாகத்தான் எழுந்தாய். பேசி முடித்தபோது பெண்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதன் பிறகுதான் ஆரம்பித்தது. பக்கத்து ஊராட்சி கூப்பிட்டது. பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டன. போன இடமெல்லாம் பொன்னாடை. பஸ் நிறுத்தத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார்கள். உன் சிரித்த முகம், அதன் கீழே ‘மீண்டு வந்த எங்கள் முத்து’. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானும்தான் நின்று பார்த்தேன். எனக்கு எவ்வளவு பெருமை!

நீ எப்போது மறுபடி சறுக்கினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வயல் வரப்பு வழியாக நடந்து வர ஆரம்பித்தாய். “நடந்தா ஒடம்புக்கு நல்லதுக்கா” என்றாய். முழுக்கைச் சட்டையை மடக்காமல் போட்டாய். ஒருநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாய்.

“எக்கா, அந்தப் போர்ட எடுக்கச் சொல்லேன் மதினிகிட்ட.”

“ஏன்லே? ராசா மாதிரில்லா இருக்க.”

“அதுல இருக்கது வேற ஆளுக்கா.”

நீ கூச்சப்படுகிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். நீ கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாய். என்ன சொல்ல நின்றாய் முத்து? என் முகத்தில் எதைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினாய்?

மதினியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாய், இனிமேல் கூட்டத்துக்கு வரவில்லை என்று. “நீதான்லே எங்களுக்கு வெளிச்சம். இந்த ஒரு கூட்டம் மட்டும் வந்துரு” என்றாளாம். வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். மதியம் உன்னை ஏற்றிப்போக ஜீப் வந்து நம் வாசலில் நின்றது. டிரைவருக்கு மோர் கொடுத்துவிட்டு உனக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் நீ முன்பு எண்ணெய் தேய்க்கப் போய்வந்த குற்றாலம் லாட்ஜின் வாட்ச்மேன் போன் செய்தார். வேலைக்காரர்கள் உடுப்பு மாற்றுகிற அறையில் நீ கிடப்பதாகச் சொன்னார். கூட்டத்துக்காக நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில்தான் கிடந்தாய்.

“ஊசிய விட்டிருந்த உடம்பும்மா” என்றார் டாக்டர். “பழைய அளவத் தாங்காது. தவறிப் போட்டுட்டாருன்னா உடனே இங்க வந்திருக்கணும்.”

வந்திருக்கிறாய். அதுதான் என்னைத் தின்கிறது. உன்னை முன்பு கவனித்துக்கொண்ட நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அதற்கு முந்தின வாரம் நீ ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாயாம். அவள் சந்தோஷமாக ஓடிவந்து, “என்ன முத்து, நம்ம வார்டுல பேச வந்திருக்கியா?” என்று கேட்டாளாம். நீ ஆமென்று தலையை ஆட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாயாம். சொல்லிவிட்டு அந்தப் பெண் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவள் என்ன தப்பு செய்தாள்? அவளை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்த மறுநாள் மதினி ஸ்டூல் போட்டு ஏறி, தன் கையாலேயே அந்த போர்டின் கயிற்றை அறுத்தாள். இறக்கிய பிறகு அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. உன் முகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். “கோமதி, நான் உள்ள வரலாமா?” என்றாள். எத்தனை வருடப் பழக்கம், ஒருநாளும் அப்படிக் கேட்டவளில்லை. நகர்ந்து வழி விட்டேன். இரண்டு பேரும் அந்திவரை அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த கிராமசபையில் ரைஸ்மில் அண்ணாச்சி எழுந்தார். “அவனே போயிட்டான். இனி எதுக்கு இந்தக் கூத்து? ஊராட்சிப் பணத்துல ரோட்டயாவது போடுங்க.” நிறையப் பேர் தலையை ஆட்டினார்கள். மதினி குனிந்தபடி இருந்தாள்.

நான் எழுந்தேன் முத்து. நாலு பேர் கூடினால் வாயைத் திறக்காத உன் அக்கா எழுந்தாள்.

“அண்ணாச்சி, எந்தம்பி நடுவுல நல்லா இருந்தாம். அந்த நாளெல்லாம் இவிய எனக்குக் குடுத்தது. அதக் கூத்துன்னு சொல்லாதிய. ஆனா அவன ஒசரத்துல தூக்கி மாட்டிட்டோம் எல்லாரும். தடுக்கி விழுந்தவனுக்கு வந்து சொல்ல ஒரு எடம் இல்லாமப் போச்சு. ஊசி பாதி கொன்னுச்சு, வெக்கம் மீதியக் கொன்னுச்சு. இத நிறுத்தாதிய. வெக்கப்படாம வார மாதிரி மாத்துங்க.”

உட்கார்ந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. நல்லவேளை. கடைசியில் மதினி தீர்மானம் எழுதச் சொன்னாள்: இனி யாரையும் படம் பிடிக்க வேண்டாம், மேடையேற்ற வேண்டாம், பொன்னாடை வேண்டாம். விட்டவர் மறுபடி தொட்டாலும் முதல் தடவை வந்தவரைப் போலவே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அண்ணாச்சி கையைத் தூக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

இப்போது வீடு வீடாகப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. சில வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள். ஒரு வீட்டில் ஒரு தாய், “ஒந்தம்பியையே ஒன்னால காப்பாத்த முடியல, எம்பிள்ளைக்குச் சொல்ல வந்துட்டியோ?” என்றாள். கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

போன வாரம் பிளம்பர் சுடலை வந்தான். நம் ஊராட்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட, சுகமாகி வந்து, பைப் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். நான் துணி காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். சாரலில் நனைந்தபடி வாசலில் நின்றான்.

“எக்கா, நேத்து போட்டுட்டேன்க்கா.”

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

“உள்ள வா. சாப்ட்டியா?” என்றேன்.

அவன் அங்கேயே குந்தி அழுதான். “ஏசுவியன்னு நெனச்சேன்க்கா.” இட்லி வைத்துக் கொடுத்தேன். மதினிக்குப் போன் போட்டேன். நம் ஊர் ஆட்டோ வேறு ஊருக்குப் போயிருக்கிறது என்றாள். காத்திருக்க எனக்கு மனமில்லை. பஸ்ஸில் கூட்டிக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டேன்.

இலஞ்சி தாண்டியதும் எனக்கு அடக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கண்டக்டர் பார்த்தார், சுடலையும் பார்த்தான். பாவம், தன்னால்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

“அழாதிய எக்கா. சத்தியமா நல்லாயிருவேன்.”

“நல்லாவாட்டாலும் வாலே” என்றேன். “நீ நல்லாவாட்டாலும் எங்கிட்ட வா.”

முத்து, ஒரு வாக்குத் தருகிறேன். என் வாசலில் வந்து நிற்கிறவன் எத்தனையாவது தடவை வருகிறான் என்று எண்ண மாட்டேன். அவன் என்ன சொன்னாலும் என் முகம் மாறாது. உனக்குக் காட்டாமல் போன அந்த முகத்தை, உடம்பில் தெம்பு உள்ளவரை வீடு வீடாகக் கொண்டுபோவேன்.

பெறாமல் பெற்று, காக்கத் தெரியாமல் பறிகொடுத்த,
உன் அக்கா கோமதி