மச்சானுக்கு எடுத்து வைத்த பலகை

மச்சான்,

இன்று காலை ஆளி விதை எண்ணெய் டின்னைத் திறந்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். உயிரோடு இருந்தபோதும் கூப்பிடாமல்தான் வருவாய். வந்ததுதான் வந்தாய், உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போ.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலை ரோடு ஏறுகிற இடத்தில் நம் பட்டறை. இழைப்பதும் மூட்டுவதும் உன் வேலை, எண்ணெய் பூசுவது என் வேலை. அது ஊருக்கே தெரியும். மாதா கோயிலுக்கு முதன்முதலாகப் பெஞ்சு செய்ய வேண்டுமென்று பங்குச் சாமியார் நம்மிடம் சொன்னபோது, ஆளி எண்ணெயைக் காய்ச்சிப் பூசலாம் என்றேன். மெல்லிசாகத் தேய்த்து, துடைத்து, நிழலில் காயவிட்டு, மறுபடியும் தேய்க்க வேண்டும். நாளாகும், ஆனால் மரத்துக்குள் இறங்கி இறுகிவிடும்.

"நம்ம காட்டு ஆமணக்கு மூட்டை மூட்டையாக் கெடக்குது மாப்ளே. அத ஆட்டிப் பூசுனா, பூசுன கையோட பளபளங்கும்," என்றாய்.

"பளபளங்கும் மச்சான், ஆனா காயவே காயாது. வண்டி அச்சுக்கு ஊத்தறதக் கொண்டுபோயிக் கோயில் பெஞ்சுக்கு ஊத்துவாங்களா?"

சிரித்தாய். ஒப்புக்கொண்டாய் என்று நம்பி, தறிக்குச் சட்டம் மாற்ற ஜலகண்டாபுரம் போய்விட்டேன். திரும்பி வந்தது ஈஸ்டர் காலையில், நேராகப் பூசைக்கு. பெஞ்சுகள் கண்ணாடி மாதிரி மினுங்கின. கிட்டப் போவதற்குள் ஆமணக்கு வாடை சொல்லிவிட்டது.

பூசை முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அத்தனை புது வேட்டியிலும் மஞ்சள் கறை. சாமியார் முகம் சிவந்து, யார் வேலை இது என்று கேட்டார். நீ கொஞ்சமாவது தயங்கினாயா? இல்லை.

"எண்ணெ பூசறது மாப்ளைங்க சாமி. நான் எளச்சதோட சரிங்க," என்று என் பக்கம் கையைக் காட்டினாய்.

நான் வாயைத் திறந்தேன். உன் தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். "கோயல்ல வெச்சு அண்ணனக் காட்டிக் குடுத்தராதீங்க. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாமுங்க," என்றாள். அவளுக்காக வாயை மூடினேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சை எடுக்க நீ விடவில்லை. அன்றைக்கு எனக்குப் பிசுக்காசாரி என்று பெயர் விழுந்தது. கட்டில், நாற்காலி என்று கேட்டு வந்தவர்கள் உன்னிடம் போனார்கள். எனக்கு மிஞ்சியது ஏர் சட்டமும் மண்வெட்டிக் காம்பும். நீ தனிப் பட்டறை போட்டுக்கொண்டாய். என்னைப் பார்த்தால் எதுவுமே நடக்காதது போலச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை.

பெஞ்சுக்கு வாங்கியதில் சில வேங்கைப் பலகைகளை விட்டுப் போயிருந்தாய், நினைவிருக்கிறதா? அவற்றை உன் நீளத்துக்கு அறுத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம் வரும்போதெல்லாம் எடுத்து ஆளி எண்ணெய் தேய்த்து, காயவைத்து, பரணில் ஏற்றுவேன். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்ப்பேன். நீ ஒவ்வொரு வருஷமும் கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாய். எனக்கும் அவசரமில்லை.

காய்ச்சலில் நீ போன அன்று, பெட்டி செய்ய ஆள் தேடினார்கள். நம் பக்கம் சவப்பெட்டி என்றால் அவசரத்துக்கு ஆணி அடித்து, மேலே கறுப்புத் துணி சுற்றுவதுதான். உன் பெட்டிக்குத் துணி வேண்டாம் என்றேன். பரணில் இருந்த பலகைகளை இறக்கி மத்தியானத்துக்குள் மூட்டி முடித்தேன். முன்பக்கம் ஒரு தோள் நான் கொடுத்தேன். தூக்கியவர்கள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. வெயிலில் வேர்த்து, பெட்டி தோளில் அழுந்தி, கல்லறை வரை போனோம். இறக்கி வைத்ததும் எல்லோரும் தங்கள் தோளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது போதும். இன்று நான் பூசுவது அதே கோயிலின் புதுப் பெஞ்சுகளுக்குத்தான்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு அன்று வீட்டுக்கு வந்ததும் உன் தங்கை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பலகைக்கு எப்பங்க எண்ணெ பூசுனீங்க? அண்ணன் உசுரோட இருக்கறப்பவேவா?"

"ஆமா. காயறதுக்கு நாளாகுமில்ல," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எண்ணெயைப் பற்றிக் கேட்டதே இல்லை. உனக்குத் தோள் கொடுத்த அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள், நான் கொடுக்கவில்லை. என் துணிப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கிறேன். தோளில் ஒரு பொட்டுக் கறை இல்லை, மச்சான்.