கேட்டது போல

மார்ச் 4, செவ்வாய்

தையல்காரர் வந்திருந்தார். ரெக்கார்டு சேர்ப்பதில் முப்பது வருடமாக எனக்குக் கூட்டாளி, போட்டியும் அவர்தான். பழைய சாமான் கடையில் கிடைத்த வயலின் இசைத்தட்டு ஒன்றைப் பையிலிருந்து கைக்குழந்தையைப் போலத் தூக்கினார். போட்டோம். நான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தோளைத் தட்டினார்.

"என்னப்பா ரசிக்கிற? தட்டு முடிஞ்சு அஞ்சு நிமிஷமாச்சு. முள்ளு சும்மா சுத்திட்டிருக்கு."

"அந்த நெனப்புலயே இருந்துட்டேன்" என்று சமாளித்தேன். சிரித்தார். ஆனால் போகும்போது ஒரு மாதிரி பார்த்தார்.

என்னிடம் இருக்கும் அறுநூறு தட்டும் மனப்பாடம். நான் கேட்பது தட்டையா, ஞாபகத்தையா? இது புதுசு, ஞாபகத்தில் இல்லாதது. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 9

டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி என் மனைவி மூன்று முறை சொன்னாளாம். மூன்றாவதுதான் எனக்குக் கேட்டது.

மார்ச் 14

பத்திரிகைக்காரர்களுக்காகப் போட்ட புதுப்படம். பாதி வசனம் பிடிபடவில்லை. உதட்டைப் பார்த்து ஒப்பேற்றினேன். அடர்த்தியாகத் தாடி மீசை வைத்தவன் வாயைத் திறந்தால் தொலைந்தேன். கதாநாயகனே அப்படித்தான் இருந்தான்.

விமர்சனம் அனுப்பியாயிற்று. "கடைசி இருபது நிமிடம் பின்னணி இசையே இல்லை. அந்த மௌனம் ஒரு துணிச்சல்." எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 21

பத்திரிகை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் மகள் வயதுதான். கதவைச் சாத்திவிட்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

"அந்தக் கடைசி இருபது நிமிஷமும் புல்லாங்குழல், சார். வாசிச்சவரு லெட்டர் போட்டிருக்காரு. திட்டல. தன் வாசிப்பு அவ்வளவு மோசமாவா இருந்துச்சுன்னு கேட்டிருக்காரு."

"டாக்டரப் பாருங்க சார். அதுவரைக்கும் பக்கத்த வேற யாராவது எழுதட்டும்" என்றார். இருபத்தாறு வருடமாக நான் எழுதும் பக்கம்.

வீட்டில் சொல்லவில்லை. "மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வெயில் என்றேன். இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. ஏன் சொல்ல வரவில்லை? சொன்னால் தலையா போய்விடும்? செவிடனுக்கு எதற்கு அறுநூறு தட்டு என்று யாராவது சிரிப்பார்களே — அதுதானா?

மார்ச் 29

எழுத வரவில்லை.

மார்ச் 30

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்றுக் காலை பதினொரு மணி வாக்கில் அவள் குளிக்கப் போனாள். நான் டி.வி.யில் பழைய நகைச்சுவைப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். வசனமெல்லாம் தெரிந்த படம், அதனால் நிம்மதி. திடீரென்று மாடி வீட்டு நர்ஸ் பின்கதவு வழியாக ஓடிவந்து, என்னைத் தாண்டிக் குளியலறைக்குப் போனார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கடப்பாரையால் நெம்பித்தான் திறந்தோம். ஈரத் தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

முக்கால் மணி நேரம் கூப்பிட்டிருக்கா. டூட்டி முடிஞ்சு வந்த நர்ஸுக்கு ஜன்னல் வழியா மாடில கேட்டிருக்கு. ஏழடி தூரத்துல நான் — சிரிச்சிட்டிருந்தேன். நான் சிரிச்சது அவளுக்குக் கேட்டிருக்கு. அய்யோ, கேட்டிருக்கு.

ஏப்ரல் 2

ஆபரேஷன் முடிந்தது. வெளியூரிலிருந்து மகள் வந்துவிட்டாள். கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன்: "எனக்குக் காது கேக்கறதில்ல. ரெண்டு வருஷமாச்சு."

"அப்பா!" என்று மகள் கத்தினாள். கட்டிலில் கிடந்த அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என்னவோ சொன்னாள். வாயருகே குனிந்தேன்.

"கொஞ்சம் மந்தம்னுதான் நெனச்சேன். இவ்வளவுன்னு தெரியாது. சொல்லியிருந்தா நான் தாழ்ப்பா போட்டிருக்க மாட்டேனே."

ஏப்ரல் 3

போட்டிருக்க மாட்டாள்.

ஏப்ரல் 17

காதில் மிஷின் மாட்டினார்கள். போனது திரும்பாது, இருப்பதைப் பெரிதாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என் உயிரான தட்டைப் போட்டேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலிருந்தது. பாதியில் முள்ளைத் தூக்கிவிட்டேன்.

புல்லாங்குழல்காரருக்கு நாலு வரி எழுதினேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

மே 6

மகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். கோபமெல்லாம் இல்ல. அங்க கூப்பிட்டா யாராவது வருவாங்க. இப்போதைக்கு எனக்கு அது போதும்."

கார் வரைக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படியில் கை நீட்டினேன். சுவரைப் பிடித்து இறங்கினாள்.

மே 8

சத்தமில்லாமல் டி.வி. ஓடுகிறது. ஒரு பெண் யாரிடமோ அழுது கெஞ்சுகிறாள். அரைமணி நேரம் பார்த்தேன். சத்தத்தைக் கூட்ட மனம் வரவில்லை.

மே 19

போன் செய்தேன். மகள் எடுத்தாள். "இரு, அம்மாகிட்ட தரேன்."

பிறகு குரல். மிஷின் வழியாக வேறு யாரோ பேசுவது போல இருந்தது, ஆனாலும் அவள்தான்.

"சாப்பிட்டாச்சா?"

தெளிவாகவே கேட்டது. "என்ன?" என்றேன்.

மறுபடியும் சொன்னாள்.