பூசணிக்காயில் திரும்பிய ஈர்க்குச்சி

13.11.85, புதன்
விடியலிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை.

மூத்த பேரன் பேங்கு வேலையில். சின்னவன் வகுப்பில் முதல். பேத்தி வசந்தி மெட்ராசில் பௌதிக ஆராய்ச்சி, டாக்டர் பட்டத்துக்கு. நம் வம்சத்தில் முதல் ஆள். எத்தனை தரம் எழுதினாலும் அலுக்காது.

தீபாவளிக்கு வந்திருக்கிறாள். ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். தையில் கல்யாணம், படிப்பு அத்தோடு சரி என்று தரகர் சொல்ல, என் மகன் முருகேசன் தலையாட்டிவிட்டான். அதிலிருந்து வசந்தி சரியாகச் சாப்பிடவில்லை.

வாங்க: வெற்றிலை, கடலை மாவு, பூசணி.

14.11.85, வியாழன்
மழை விட்டது.

"அப்படி என்னதாண்டி படிக்கிறே?"

"ஒனக்குப் புரியாது அப்பத்தா."

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் நானும் போனவதான். சொல்லு."

பூசணிக்காயை எடுத்தாள். காம்போரம் ஓர் ஈர்க்குச்சி, முனை அவள் பக்கம். குச்சியைத் திருப்பாமல் காயின் இடுப்புவரை இறக்கச் சொன்னாள். இடுப்பை ஒட்டிக் கால்வாசிச் சுற்று. மறுபடி மேலே காம்புக்கு. முனை ஜன்னல் பக்கம்! பிடித்திருந்தது நான்தான். சத்தியமாகத் திருப்பவில்லை. தட்டைப் பலகையில் அதேபோல் சுற்றிப் பார்த்தால் திரும்பவில்லை.

"காயோட வளைவு திருப்பிருச்சு அப்பத்தா. கரண்டு, காந்தம் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவுதான்."

சாம்பாரில் கத்திரிக்காய். பூசணியை நறுக்க மனம் வரவில்லை.

15.11.85, வெள்ளி
மறுபடி கேட்டேன். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அடைத்துவிடுகிறார்களாம். எலக்ட்ரான் வெளியே இடமும் வலமுமாகச் சுற்றிப் போகிறது. காந்தத்தைத் தொடுவதில்லை. ஆனாலும் இரண்டு வழியும் சேருமிடத்தில், அந்தக் குச்சி மாதிரி ஏதோ திரும்பியிருக்கிறது.

"ஏலக்காய் ஸ்டோர் மாதிரி. உள்ளே போகாம வெளியே சுத்தினாலும் சேலையில வாசம்."

சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "அது வாசம் கசியுறது அப்பத்தா. இங்க ஒண்ணுமே கசியல."

"பெறகு எப்பிடித் திரும்புது?"

"அதத்தான படிக்கிறேன். பாதிக் கெணறு தாண்டிருக்கேன்."

அரிசி களையும்போதும் அதே நினைப்பு. கசியாமல் எப்படி? இவளை நிறுத்திவிட்டால் எனக்கு யார் சொல்வது?

17.11.85, ஞாயிறு
நல்ல வெயில். பஜ்ஜி கொஞ்சம் கருகல்.

மாப்பிள்ளையின் அம்மா: "படிச்சது போதும். எங்க வீட்டுல சோலி கெடக்கு."

"முடிச்சுட்டு வரட்டும், அப்பறம் பேசுவோம்" என்றேன் நான்.

"அப்பிடி என்ன பெரிய படிப்பு?"

காட்டிவிடலாம் என்று பூசணியும் ஈர்க்குச்சியுமாகக் கூடத்துக்கு வந்தேன். அந்தம்மா பதறி மகனை இழுத்தாள். "எம்மகனுக்குத் திருஷ்டி சுத்தவா கொண்டாந்தீக?" வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பையன் நல்லவன். குச்சியை வாங்கிச் சுற்றிப் பார்த்தான். "அம்மா, திரும்பிருச்சும்மா!" "எந்திரிடா நீ." வெற்றிலைகூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

முருகேசன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "ஏம்மா இப்பிடிப் பண்ணுனே?" ஆனால் சாயங்காலம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவன் அவன்தான்.

தரகரிடமிருந்து வசந்தி போட்டோவைத் திரும்ப வாங்கிவிட்டேன். தலை நிறையப் பூ, குனிந்த முகம். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் சொன்னேன்: "இந்தப் படம் வேண்டாம்டி. கரும்பலகை முன்னாடி, கையில சாக்பீஸோட, நிமிந்து நின்னு புதுசா ஒண்ணு எடுத்து வெரசாத் தபால்ல போடு."